இருபத்திரண்டு தாள்களில் என் கையெழுத்து

அம்மா ஏன் மார்ச் மாதத்துக்குப் பிறகு உன் ஓவிய அறைக்கு வரவில்லை என்று என்னிடம் மூன்று முறை கேட்டாய். முதல் முறை முட்டி வலி என்றேன். இரண்டாம் முறை வெயில் என்றேன். மூன்றாம் முறை நீ சமையலறை வாசலில் நின்றுகொண்டு, அவள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு ஸ்வப்னாவைப் பிடிக்கலையாப்பா? அதான் வரதில்லையா?" என்று கேட்டாய். நான் செய்தித்தாளை மடித்தபடி, "உனக்கே தெரிஞ்சா சரி" என்றேன். மூன்று பதிலும் பொய். மூன்றாவது மட்டும் தெரிந்தே, யோசித்தே சொன்னது.

காரணம் நான். இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். அது முடிந்ததும் ஸ்வப்னாவுக்குக் கிடைத்திருக்கும் கல்லூரி வேலைக்காக இருவரும் விசாகப்பட்டினம் போகிறீர்கள். மல்காஜ்கிரியில் வாடகைக்கு எடுத்த அந்த அறையின் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடப் போகிறாய். வருகிற ஞாயிறுதான் அங்கே கடைசியாக எல்லாரும் வரையப் போகிறார்கள் என்று போனில் சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட சொல்லுங்க, கம்பல்ஷன் இல்ல" என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் அன்றைக்கும் வராவிட்டால், உன் மனைவியை உன் தாய் ஏற்கவில்லை என்ற எண்ணத்தோடுதான் நீ தாலி கட்டுவாய். அவளும் இந்த வயதில் தனக்கென்று கிடைத்த ஒரே இடத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் இழப்பாள். இதை நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் எதிரில் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் உன்மேல் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவேன். தாளில் அப்படி ஆரம்பித்தால் நானே படித்துப் பார்த்து நிறுத்திக்கொள்ள முடியும்.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பது வருடமாக நான் செய்வது பிறர் வரைந்ததில் தப்புப் பார்ப்பது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஸ்க்ரூவின் டிராயிங்கூட என் கையெழுத்து இல்லாமல் பட்டறைக்குப் போகாது. ஒவ்வொரு டிராயிங்கின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், தாள் எண், தேதி, குறிப்பு. 'சரிபார்த்தவர்' என்ற இடம் என்னுடையது. கால் மில்லிமீட்டர் பிசகினாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். என் கையெழுத்து விழுந்த டிராயிங்கில் இதுவரை ஒரு தப்பு வந்ததில்லை. அதற்கு எனக்குக் கிடைத்தது என்ன? நான் வேலை கற்றுக்கொடுத்த ஆள் இன்று எனக்கு மேலதிகாரி. பதவி உயர்வுக்கு இரண்டு முறை என் பெயர் போனது. இரண்டு முறையும் 'பழகக் கடினமானவர்' என்று ஒருவர் எழுதினார். யார் என்று தெரியும். அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, உன் கல்யாணத்துக்கு அவரை அழைக்கப்போவதும் இல்லை. இதையெல்லாம் நான் மன்னித்துவிட்டதாக இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதமாட்டேன். தேடாதே.

நீ மாதாப்பூர் கம்ப்யூட்டர் வேலையை விட்டபோது, அதையும் எனக்குச் செய்யப்பட்ட அநியாயங்களோடுதான் சேர்த்துக்கொண்டேன். அன்றைக்குப் பேசியது ஞாபகம் இருக்கிறதா? "ஏண்டா, யாராவது உன்னைத் துரத்தினாங்களா?" என்றேன். "இல்லப்பா." "பின்னே கைக்கு விடறே?" ஏன் என்பதற்குக் 'கைக்கு'; கோபம் வந்தால் எனக்கு இந்த ஊர்ப் பேச்சுதான் முதலில் வரும். நீ, "நாள் பூரா ஸ்க்ரீனைப் பாக்கறேன்பா. உள்ள யாருமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாய். "உள்ளே யார் இருக்கணும்?" "அதைத்தான் பாக்கணும். லெக்சர் நக்கோப்பா, ப்ளீஸ்." வேண்டாம் என்பதை நீயும் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாய். நான் உறவுக்காரர்களிடம் நீ லீவில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் லீவு. யாரும் நம்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அறையைத் திறந்த அன்று நான் வந்தேன். கீழே மாவு மில், மேலே நீ. மில் ஓடும்போது உன் தரை நடுங்கியது. நான்கு சுவரிலும் பலகை அடித்து அதில் வெள்ளைத் தாள்களை ஒட்டியிருந்தாய். நடு மேசையில் கிண்ணம் கிண்ணமாக வர்ணம். வந்திருந்தவர்களிடம் நீ விதிகளைச் சொன்னாய். என்ன வரையப்போகிறோம் என்று யோசித்து வைக்க வேண்டாம், கை எங்கே போகிறதோ போகட்டும். பிடிக்காவிட்டாலும் அழிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, நன்றாக இருக்கிறது என்பதுகூட. "நல்லா இருக்குன்னு சொன்னா அடுத்த தடவை அந்த நல்லாருக்குக்காகத்தான் வரைவாங்க" என்றாய். நான் எல்லார் முன்னாலும், "அப்போ எது பாஸ், எது ஃபெயில்னு யார் முடிவு பண்றது?" என்று கேட்டேன். "யாரும் இல்லப்பா." "அப்போ இது எல்.கே.ஜி. என்ன, பசங்க கொஞ்சம் வளந்தவங்க." சிலர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், ஆனால் உன் காது சிவந்தது. அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது.

உன் அம்மா அங்கே வரைய வருவாள் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. மழை தொடங்கிய ஒரு ஞாயிறு உனக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவள், டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாள் முன்னால் நின்றாளாமே. நீதான் பிறகு சொன்னாய். அன்று மதியம் வீட்டுக்கு வந்தபோது அவள் நகக்கண்ணில் நீலம் இருந்தது. "என்ன வரைஞ்சே?" என்று கேட்டேன். "தெரியல." "தெரியாம எப்படி வரைவே?" "கை வரைஞ்சுது. நான் கூட நின்னேன்." இதை அவள் கேலியாகச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்ததும் போனாள். ஒருநாள் நானே கேட்டேன், கோயிலுக்குப் போகிறாயே, சுலோகம் சொல்கிறாயே, அதில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது என்று. அவள் கொஞ்சம் யோசித்தாள். "சுலோகம் சொல்றப்ப வாய் சொல்லிட்டே இருக்கும், மனசு கொத்தமல்லி வாங்கணும்னு நினைச்சுட்டு இருக்கும். அங்க நிக்கறப்ப ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு." பிறகு, "எனக்குள்ள இன்னொருத்தி இருக்கா போலிருக்கு. அவளுக்கு எதுலயும் அவசரமே இல்ல" என்றாள்.

அந்த இன்னொருத்தியை எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடமாக உன் அம்மா வாய் திறக்கும் முன்பே அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை. குக்கர் நான்காவது விசில் அடித்தாலும் பதறமாட்டாள். ஆபீஸில் நடந்ததை நான் கொட்டும்போது முன்பெல்லாம் "விடுங்க, விடுங்க" என்பாள். இப்போது பேசாமல் கேட்டாள், முழுவதும் கேட்டாள். அந்த அமைதியில் என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவள் எங்கோ போய்க்கொண்டிருக்கிறாள், எனக்குச் சொல்லாமல் போகிறாள் என்று தோன்றியது. வேறு ஆளாக இருந்தால் சண்டை போட்டிருப்பான். நான் அவள் போகிற இடத்தைப் பரிசோதிக்க முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

உன் அறையில் சுவர் ஈரமானதால் அவள் தாள்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்திருந்தாள். மார்ச்சில் அவள் சென்னைக்குத் தங்கை வீட்டுக்கு மூன்று நாள் போனபோது அதை இறக்கினேன். சாப்பாட்டு மேசையில் விரித்து, மூலைக்கு ஒரு டம்ளர் வைத்து, வரிசையாகப் பார்த்தேன். மொத்தம் இருபத்திரண்டு. பற்கள் உள்ள ஒரு சிவப்பு மீன். தண்ணீருக்குள் ஒரு படிக்கட்டு. இடது கை இல்லாத ஒரு பெண். ஒன்பதாவது தாளில் கீழே ஒரு கருப்பு. பத்தாவதில் அது பெரிதாகிறது. பதினான்காவதில் தாள் முழுவதும் கருப்பு, ஓர் ஓரத்தில் விரல்நுனி அளவு மஞ்சள். பதினைந்தாவதிலிருந்து கருப்பே இல்லை, வெறும் வெளிர்நீலம். நிச்சயமாக அந்தக் கருப்பு நான்தான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததை நீ நம்பமாட்டாய். அளவுகோல் எடுத்தேன். ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் கட்டம் போட்டேன். வரைந்தவர்: லலிதா. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. தாள் எண். தேதி. குறிப்பு என்ற இடத்தில் என் கருத்து. 'இடது கை விடுபட்டுள்ளது.' 'ஒன்பது முதல் பதினான்கு வரை ஒரே உருவம், காரணம் தெரியவில்லை.' 'முந்தைய தாளுடன் தொடர்பு இல்லை.' எல்லாம் சிவப்பு மையில், அழியாத மையில்.

கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நினைக்காதே. இதை நீ புரிந்துகொள்ள வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மூன்று நாளும் மாலை ஆபீஸிலிருந்து வந்ததும் அந்த வேலைதான். ரொம்ப வருடம் கழித்து அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். கையெழுத்துப் போட்ட டிராயிங்கைவிட மரியாதையான பொருள் என் வாழ்க்கையில் கிடையாது. அந்த மரியாதையை உன் அம்மாவுக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். அவள் வந்து பார்த்தால், இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாரே என்று நினைப்பாள் என்று நினைத்தேன். அவள் வந்தாள், குளித்தாள், மேசையில் அடுக்கி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில், "சரிபார்த்தவர்னு போட்டிருக்கீங்களே. சரியா இருந்துதா?" என்று கேட்டாள். நான் அந்தக் கேள்வியைக்கூட நிஜமான கேள்வி என்று எடுத்துக்கொண்டு, "எட்டு ஷீட்ல பிரச்சினை இருக்கு. மத்தது பரவாயில்ல" என்றேன். அவள் சிரித்தாள். தாள்களைச் சுருட்டி, நாடா கட்டி, பீரோ மேல் பழைய இடத்திலேயே வைத்தாள். அந்த ஞாயிறு முட்டி வலி என்றாள்.

அதே வாரம் நீ ஸ்வப்னாவைப் பற்றிச் சொன்னாய். உன் அறைக்கு வரைய வந்த பெண் என்றாய், தெலுங்குக்காரர்கள் என்றாய், இருவரும் முடிவு செய்துவிட்டோம் என்றாய். முடிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாய், அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் எதிர்க்க என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. நல்ல பெண், படித்த பெண், என்னிடம் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசாத பெண். அம்மா ஸ்வப்னாவால்தான் வரவில்லை என்று நீயாகவே நினைத்துக்கொண்டபோது, எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. என் செயல் மறைந்தது. என் அதிருப்திக்கும் உன் அம்மா பெயரில் ஒரு முகம் கிடைத்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சும்மா இருந்தாலே போதுமாக இருந்தது. நான்கு மாதம் சும்மா இருந்தேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்வப்னாமீது கோபப்படாதே, நான்தான் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். மே மாதம் நீ வீடு பார்க்க விசாகப்பட்டினம் போயிருந்த இரண்டு வாரமும், உனக்குப் பதில் அவள்தானே அறையைப் பார்த்துக்கொண்டாள். முதல் ஞாயிறு நான் படியேறி வந்தேன். கதவைத் திறந்தவள், "அங்கிள், மீரா?" என்றாள். நீங்களா என்று. ஃபேன் சத்தம் போடுகிறது என்று நீ சொன்னதாக, அதைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். ஃபேன் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "லோபலிக்கி ரண்டி அங்கிள்" என்று உள்ளே கூப்பிட்டு சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். "ஓரம் எவ்வளவு விடணும்?" என்று கேட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம், விடாமலும் இருக்கலாம் என்றாள். பிரஷைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன். கடைசியில் கை நகர்ந்தது. எங்கே போனது தெரியுமா? வலது கீழ் மூலைக்கு. ஒன்றுமே வரையாத வெள்ளைத் தாளில் முதல் வேலையாகக் கட்டம் போட்டது.

அவமானமாக இருந்தது. அழிக்கக்கூடாது என்பது உன் விதி, அதனால் கட்டத்தைக் கருப்பால் நிரப்பினேன். கருப்பு கட்டத்தைத் தாண்டியது. விட்டேன். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது, தரை நடுங்கியது, என் கை அந்த நடுக்கத்தோடு மேலே மேலே போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பத்து நிமிடம் இருக்கலாம். அந்தப் பத்து நிமிடமும் என் தலைக்குள் யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. என் மேலதிகாரி இல்லை, எனக்கு எதிராக எழுதியவர் இல்லை, நீ இல்லை. யார்மேலும் கோபம் இல்லை. இதை நீயாக இருந்தால் நிம்மதி என்று எழுதியிருப்பாய். எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தை எடுத்துவிட்டால் உள்ளே நின்றுகொண்டிருக்கிற ஆள் யார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிரஷை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஸ்வப்னா பின்னால் நின்றாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாதவர்கள் என் வாழ்க்கையில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பவர்கள். இந்தப் பெண்ணிடம் அது இல்லை. "இங்கோ பேப்பர் காவாலா, அங்கிள்?" என்றாள். இன்னொரு தாள் வேண்டுமா என்று. அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். அடுத்த ஞாயிறு மறுபடி போனேன்.

இரண்டாம் முறையும் கருப்புதான் வந்தது. அதன் நடுவில்தான் உன் அம்மாவின் கருப்பு ஞாபகம் வந்தது. என் தாளில் இருந்த கருப்பு யாருடைய உருவமும் இல்லை. அது வந்தது, பரவியது, அவ்வளவுதான். அப்படியானால் அவளுடையதும் நானாக இல்லாமல் இருக்கலாம். நான் இல்லாமலே அவளுக்கு ஓர் இருட்டு இருந்திருக்கலாம், அதற்குள் போய், நான் இல்லாமலே வெளிர்நீலத்துக்கு வந்திருக்கலாம். அவளுடைய கஷ்டத்தில்கூட நான் இல்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு வயதுக்கு என்னைப் பற்றி நான் கண்டுபிடித்தது இதுதான். இதற்குப் பெயர் ஆன்மிகம் என்றால், யாரும் ஆசைப்பட்டுப் போகவேண்டிய இடம் இல்லை அது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாளும் நிம்மதியாகத் தூக்கம் வருவதில்லை. ஆபீஸில் டிராயிங்கை விரித்தால் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறேன், பார்த்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா மகனுக்குப் புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீ ஒன்பதாம் வகுப்பில் சயின்ஸ் ரெக்கார்டில் இதயம் வரைந்தாய். இதயம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நீ விளையாடப் போயிருந்தபோது நான் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, புதிதாக வரைந்து ஒட்டிவைத்தேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் என்று டீச்சர் எழுதியிருந்தார். நீ அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து என் எதிரில் வைத்துவிட்டுப் போய்விட்டாய், திறந்துகூடக் காட்டவில்லை. நன்றி கெட்டவன் என்று நினைத்தேன். ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஸ்வப்னா உன்னிடம் எதையாவது பாதியாக, சாய்வாகக் கொண்டுவந்து காட்டுவாள். நிமிர்த்தத் தோன்றும். என் ரத்தம் உன் உடம்பில் ஓடுகிறது, நிச்சயம் தோன்றும். காரணம் கேட்கத் தோன்றும், அதில் நீ எங்கே இருக்கிறாய் என்று தேடத் தோன்றும். அறைக்கு விதி எழுதுவது சுலபம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் யாரும் நல்லவனாக இருக்கலாம். வீட்டுக்குள் தினமும் காலையில் எழுந்து அந்த விதியைக் காப்பாற்ற உன்னால் முடிந்தால், நீ என்னைவிடப் பெரிய ஆள் என்று ஒப்புக்கொள்வேன்.

இதுவரை எழுதி நேற்று நிறுத்தினேன். உன்னிடம் ஓர் உதவி கேட்கலாம் என்பது என் திட்டம். நீயே வந்து அம்மாவிடம் பேசு, நான் வருத்தப்படுவதாகச் சொல், அவளை ஞாயிறு கூட்டிக்கொண்டு போ என்று. அந்தப் பத்தியை எழுதவும் ஆரம்பித்தேன். அது கோழைத்தனம் என்று எனக்கே பட்டது. இன்று காலை அவள் மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது இந்தத் தாள்களை அப்படியே அவள் முன்னால் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்தாள். நான் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கையெழுத்தைப் பற்றி எழுதிய இடத்தில் அவள் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். அங்கே மாறவில்லை. முதல் தாளுக்கே திரும்பப் போனாள்.

"ஸ்வப்னாவை எனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுட்டு இருக்கானா? நாலு மாசமாவா?"

"நான் அப்படிச் சொல்லல. அவனா கேட்டான்…"

"நீங்க இல்லைன்னும் சொல்லல."

"சொல்லல."

"அந்தப் பொண்ணு இங்க வரப்பல்லாம் கையைக் கட்டிட்டு ஓரமா நிக்குமே. வெக்கப்படுதுன்னு நினைச்சேன்." கண்ணாடியைக் கழற்றினாள். "பயந்துருக்கு. என்னைப் பாத்து பயந்துருக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. "கையெழுத்து போட்டீங்க, அது உங்க புத்தி. ஒரு வாரம் கோபம் இருந்துது, போயிடுச்சு. இதை நான் எங்க கொண்டு போய் வைக்கறது?"

கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது என்றால், பிறகு ஏன் அவள் போகவில்லை? அதைத்தான் கேட்டேன். "இப்பத்தான் கேக்கறீங்க" என்றாள். கீரைக்காம்பை ஒவ்வொன்றாக ஒதுக்கியபடி சொன்னாள். "மறு ஞாயிறே கிளம்பினேன். புடவை மாத்திட்டு, செருப்பு மாட்டிட்டேன். இன்னிக்கு இடது கையை மறக்காம போடணும்னு நினைச்சேன். நினைச்சதும் தெரிஞ்சு போச்சு. இனிமே கை தானா போகாது, நீங்க வந்து உள்ள உக்காந்துட்டீங்க. செருப்பைக் கழட்டிட்டேன்."

நான் எழுதிய நான்கு மாதக் கதையில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். இது அதில் எங்கும் இல்லை. "இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றேன்.

"இதை அவனுக்கு அனுப்புங்க. திருத்தி எழுத உக்காராதீங்க. ஒரு எழுத்தைத் தொடக்கூடாது."

"ஞாயிறு?"

"போறேன். கை வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். அந்தப் பொண்ணு பக்கத்துல போய் நிக்கணும் நான்."

"நான் ஸ்கூட்டர்ல கொண்டு விடறேன்."

"வேணாம். ஆட்டோ கிடைக்கும்."

அவள் சொன்னபடி அனுப்புகிறேன். அவள் பேசியதை மட்டும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். மேலே உள்ளதில் கை வைக்கவில்லை, வைக்கவேண்டிய இடங்கள் எனக்குத் தெரிந்தும். ஞாயிறு பத்து மணிக்கு அவள் வருவாள். ஸ்வப்னாவின் தாளுக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் ஒரு தாளை ஒட்டிவை. இரண்டு மணி நேரமும் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாலும் நிற்கட்டும். என்னை யாரும் கூப்பிடவில்லை, நான் வரமாட்டேன். பத்திலிருந்து பன்னிரண்டு வரை வீட்டுக்குள் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இப்போதே நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. மதியம் அவள் திரும்பி வந்து மணி அடிக்கும்போது என் வாயில் 'என்ன வரைஞ்சே?' என்ற கேள்வி வந்து நிற்கும். அதைக் கேட்காமல் கதவை மட்டும் திறந்துவிட முடியுமா என்று பார்க்கவேண்டும்.